அண்ணன் பார்க்க வேண்டிய படம்

படம் என்று சொன்னால் சினிமா என்று நினைத்துக்கொள்வான், டாக்குமெண்டரி என்று சொன்னாலோ, அந்தக் காலத்தில் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் அணைக்கட்டையும் அம்மைத் தடுப்பூசியையும் காட்டுவார்களே அந்தக் கண்றாவியா என்று மூஞ்சியைச் சுளிப்பான், அப்புறம் எப்படித்தான் ஆரம்பித்துத் தொலைப்பது என்று மதலேன் முக்காட்டை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, பீடத்தைப் பார்க்கிற பாவனையில் அண்ணனுடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வருகைப் பாட்டு முடிந்து பங்குச் சாமியார் சிலுவை போட, கோயில் முழுக்கச் சிலுவை போட, இவள் கையும் தன்பாட்டுக்குப் போட்டது, மனசு மட்டும் அங்கே இல்லை. நடுவழிக்கு இந்தப் பக்கம் பொம்பளைகள், அந்தப் பக்கம் ஆம்பளைகள். இவள் இந்தப் பெஞ்சின் ஓரத்தில், அவன் அந்தப் பக்கத்தில் ஒரு பெஞ்சு முன்னால், அவனும் ஓரத்தில். எட்டிக் கையை நீட்டினால் சட்டையைத் தொட்டுவிடலாம். கபிரியேல் அண்ணன் இந்தக் கோயிலுக்கு வருகிறவனே இல்லை, தன் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் விடியக்காலைப் பூசை பார்த்துவிட்டு அப்படியே ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன், இன்றைக்கு என்ன காற்று அடித்ததோ இங்கே வந்து நிற்கிறான். போன சட்டசபைத் தேர்தல் முடிந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கலியாண வீட்டில் அவன் முதல் பந்தி என்றால் இவள் அடுத்த பந்தி. சாவு வீட்டில்கூட அவன் வாசலில் நின்றால் இவள் கொல்லைப்பக்கம். நேற்று மத்தியானம்தான் அந்தப் படத்தைப் பார்த்தாள், பார்த்து முடித்த நிமிஷத்திலிருந்து அண்ணன் பார்க்கணுமே, அண்ணன் பார்க்கணுமே என்று ஒரே பரபரப்பு, சோறு இறங்கவில்லை, இதோ விடிந்ததும் அவனே வந்து முன்னால் நிற்கிறான். இது மாதா செய்த வேலை இல்லாமல் வேறென்ன. பூசையில் ஒரு இடம் வரும், பரலோக மந்திரம் சொல்லி முடிந்ததும், பக்கத்திலிருப்பவருக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்லச் சொல்வார் சாமியார். ஜென்ம விரோதியாக இருந்தாலும் திரும்பித்தான் ஆகவேண்டும், திரும்பாமல் விறைத்துக்கொண்டு நின்றால் ஊரே பார்க்கும். அந்த இடத்தில் சொல்லிவிடுவது. சமாதானம் சொல்லிக் கையை இறக்குவதற்குள், அண்ணே ஒரு படம் பார்த்தேன், நீ கட்டாயம் பார்க்கணும். அவ்வளவுதான். அவ்வளவு சொல்ல முடியாதா ஒரு மனுஷியால்? வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கண்ணாலேயே உட்கார வைக்கிற டீச்சர், அண்ணன் கழுத்தைப் பார்த்ததும் பாடம் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கிறாள்.

முதல் வாசகத்துக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள், ஒரு பெண் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள், மதலேன் காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை, அவள் நேற்றைய நாற்காலியில் டிவிக்கு முன்னால் மறுபடியும் போய் உட்கார்ந்துவிட்டாள். என்ன படம் அது, அடேயப்பா! லீவுக்கு வந்திருக்கிற மகள் ஷெரின்தான், “அம்மா, சீரியல் பாத்து அழுதது போதும், இதப் பாரு” என்று போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். துணி மடித்துக்கொண்டே ஒரு கண்ணால்தான் மதலேன் பார்க்க ஆரம்பித்தாள். கடலோரத்தில் ஒரு குட்டி நாடு, பேர் வாயில் நுழையாது, அங்கே தேர்தல். எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய நாடு. அந்தப் பெரிய நாட்டில் ஒரு சாதாரணக் கட்டடம், கீழே செருப்புக் கடை, மேலே ஐந்தாவது மாடியை எவனோ ஒருத்தன் வாடகைக்கு எடுத்து வரிசையாகக் கம்ப்யூட்டர் போட்டிருக்கிறான், முன்னால் சின்னச் சின்னப் பிள்ளைகள், எல்லாம் ஷெரின் வயசுதான், காலையில் வருகிறதுகள், காபி குடிக்கிறதுகள், குட்டி நாட்டு ஜனங்கள் மாதிரியே பேரும் போட்டோவும் வைத்துக்கொண்டு அந்தத் தேர்தலைப் பற்றி எழுதித் தள்ளுகிறதுகள். சரி, ஏதோ ஒரு கட்சிக்குக் கூலிக்கு மாரடிக்கிறான்கள் என்றுதானே நினைப்போம், மதலேனும் அப்படித்தான் நினைத்தாள். இல்லை! சாப்பாட்டு வேளை வரைக்கும் இந்தக் கட்சிக்காரன் போலத் திட்டுகிறார்கள், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்சிக்காரன் போலத் திட்டுகிறார்கள். அடப்பாவிகளா! கேள்வியும் அவனே, பதிலும் அவனே. இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் ஒரே தெருவுக்குக் கொடியோடு வரச் சொல்லி எழுதியது ஒரே பெண். அங்கே மண்டை உடைகிறது, அந்தப் பெண் இங்கே உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்பு பூசுகிறாள். மதலேன் மடித்த வேட்டியை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்தாள். கடைசியில்தான் அந்த இடம். அந்த ஊரில் ஒரு ரொட்டிக்கடைக்காரன், ஒரு பஸ் டிரைவர், சின்ன வயசுச் சிநேகிதம், தேர்தலில் சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் போனவர்கள். படம் எடுத்தவர்கள் இரண்டு பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைத்து, நீ நம்பியது இது, நீ நம்பியது இது, இரண்டையும் எழுதியது ஒரே கை என்று காட்டுகிறார்கள். ரொட்டிக்காரன் பார்க்கிறான், டிரைவர் பார்க்கிறான், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கிறான். அப்புறம் ரொட்டிக்காரன் தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பிக்கிறான், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மதலேன் எழுந்து நின்றுவிட்டாள். வீட்டில் யாரும் இல்லை, காலண்டரைப் பார்த்து “பாத்தியா, பாத்தியா” என்றாள். புருஷன் தனிஸ்லாஸ் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் உட்கார வைத்து முதலிலிருந்து போட்டாள். அந்த மனுஷன் செருப்புக் கடை வருவதற்குள் குறட்டை விட்டார். இவரிடம் காட்டி என்ன ஆகப்போகிறது, இதைப் பார்க்க வேண்டிய ஆள் வேறு, வெளிநாட்டு அரசியல் என்றால் காபியை ஆறவிட்டுப் பேசுகிற ஆள் வேறு.

பதிலுரைப் பாட்டு பாடுகிறார்கள், உதடு அசைகிறது. எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது கேள்வி. முதலில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், கதையைச் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கெட்ட பேர் அவளுக்கு உண்டு. மதலு ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் நமக்கு டிக்கெட் காசு மிச்சம் என்று அண்ணன்தான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். ஆகையால் மேஜையைச் சொல்லக் கூடாது, சிரிப்பைச் சொல்லக் கூடாது. சரி, மேஜையைச் சொல்லாவிட்டால் அவன் எதற்காகப் பார்ப்பான்? நல்லா இருக்குண்ணே என்றால் போதாது, நல்லா இருக்கு என்று அவள் சொல்லாத படமே கிடையாது. ரொம்ப முக்கியமான படம்ணே என்றால் பாடம் எடுக்கிற மாதிரி ஆகிவிடும், தங்கச்சி டீச்சர் என்றாலே அவனுக்கு இளக்காரம். உனக்குப் பிடிக்கும்ணே. இது பரவாயில்லை. இதில் ஒரு பாசம் இருக்கிறது. உனக்குப் பிடிக்கும்ணே என்றால் அவன் என்ன கேட்பான், எதப் பத்தின படம் என்று கேட்பான். கேட்டால் நல்லது, கேட்டாலே பாதி வேலை முடிந்தது. எலெக்‌ஷனப் பத்திண்ணே. எலெக்‌ஷன்ல என்ன? எலெக்‌ஷன்ல வந்து, அண்ணே, வெளிநாட்டுக்காரன் உள்ள பூந்து... என்று மனசுக்குள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். வெளிநாட்டுக்காரன். சேசு மரி சூசையே. அந்த வார்த்தை. அதே வார்த்தை. இந்தப் படத்தை அந்த வார்த்தை இல்லாமல் எப்படிச் சொல்வாள்? படமே அதுதானே, தலை முதல் கால் வரைக்கும் அதுதானே! சுற்றிலும் புடவைகள் சரசரத்தன, பக்கத்திலிருந்த அம்மாள் முழங்கையால் இடித்தாள், நற்செய்திக்குக் கோயில் மொத்தமும் எழுந்து நிற்கிறது, மதலேன் ஒருத்திதான் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவசரமாக எழுந்ததில் முக்காடு நழுவித் தோளில் விழுந்தது.

அந்தத் தேர்தலில் அவளுக்கு டூட்டி. பூத்தில் மை வைக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் விரல், விரல், விரல். மீன்காரம்மாவின் வெடித்த விரல், காலேஜ் பெண்ணின் மோதிர விரல், இது இல்லம்மா, அடுத்த கையைக் குடு என்று வாங்கி, நகமும் தோலும் சேருகிற இடத்தில் ஒரு கோடு. மை வைத்த விரலை ஜனங்கள் தூக்கிப் பார்த்துக்கொண்டு போகிற அழகில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. இந்த ஊர் தேர்தல் என்றால் தன் வீட்டு விசேஷம் மாதிரி. அண்ணனுக்கு அந்த மை கிடையாது. அவனுக்கு இருப்பது பிரான்ஸ் பாஸ்போர்ட், ஓட்டும் பிரான்சில்தான். ஆனாலும் அந்த மாதம் முழுக்கக் குடும்ப வாட்ஸப்பில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அவன் குரல்தான். “என் அருமைச் சொந்தங்களே” என்று ஆரம்பித்தால் குழம்பு கொதித்து இறங்குகிறவரைக்கும் ஓடும், யாருக்குப் போடணும், யாருக்குப் போடக் கூடாது, போட்டால் பாண்டிச்சேரி என்ன கதி ஆகும். புதிதாக ஓட்டு வந்த பிள்ளைகள் எல்லாம் மாமா சொன்னார், பெரியப்பா சொன்னார் என்று அப்படியே போய்க் குத்திவிட்டு வந்தன. ரிசல்ட் வந்த வாரம் மதலேன் வீட்டில் விருந்து, மைத்துனர் பேரன் பூசையில் முதல் தடவையாக நன்மை அப்பம் வாங்கிய நாள். அண்ணன் ஆதரித்த ஆள் ஜெயித்தாயிற்று. ஜெயித்தால் பேசாமல் சாப்பிட வேண்டியதுதானே, “பாத்தியா மதலு, உன் ஆள் டெபாசிட்டாவது வாங்கினானா” என்று பந்தியில் எல்லார் முன்னாலும் சீண்டினான். விளையாட்டுக்குத்தான் சொன்னான், இப்போது தெரிகிறது. அப்போது டூட்டி பார்த்த அலுப்பு, சமைத்த அலுப்பு, தன் விரலில் போகாமல் கிடக்கிற மை, எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது. “நீ வெளிநாட்டுக்காரன். எங்க ஊர் எலெக்‌ஷன்ல மூக்க நுழைக்க உனக்கு என்ன ரைட்டு இருக்கு?” அவன் சாம்பார் பிசைந்த கையோடு இலையை மூடினான், கை கழுவினான், வாசலில் நின்று தனிஸ்லாஸிடம் மட்டும் சொன்னான். “மச்சான், வெளிநாட்டுக்காரன் இனிமே உங்க வீட்டுக்கு வரமாட்டான்.” அவன் பெண்சாதி ஒதில் அண்ணி இவளைப் பார்த்த பார்வை, அம்மா தாயே, அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார், மன்னிப்பைப் பற்றியா மழையைப் பற்றியா தெரியவில்லை, ஃபேன் சத்தத்தில் பாதி போய்விடுகிறது. வெளிநாட்டுக்காரனாம். அந்த மனுஷன் பிறந்தது நெல்லித்தோப்பில், படித்தது பெத்தி செமினேர் பள்ளிக்கூடத்தில், கிரிக்கெட்டில் பல்லை உடைத்துக்கொண்டது இதே கோயில் மைதானத்தில். ஒதில் அண்ணியின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊரில் அந்த மாதிரி வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள், குடும்பத்தில் எல்லாருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. அந்த வீட்டில் பெண்ணெடுத்தால் பாஸ்போர்ட் தானாக வரும் என்று அப்பாதான் தலைகால் புரியாமல் ஆடினார். அண்ணனுக்கு அப்போது பாஸ்போர்ட்டும் தெரியாது பாரிசும் தெரியாது, பெண்ணின் பல்வரிசையைப் பார்த்து மயங்கிப்போனான், அவ்வளவுதான். போனான், குளிரில் கார் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தான், இவள் டீச்சர் டிரெயினிங் படித்த பணம் அந்தக் குளிரில் சம்பாதித்தது, பென்ஷன் வந்ததும் முதல் விமானத்தில் ஊருக்கு ஓடிவந்தான். அங்கே அவனை இந்தியன் என்றார்கள். இங்கே வந்தால் கூடப் பிறந்தவளே வெளிநாட்டுக்காரன் என்கிறாள். அட, அதைக்கூட விடு. இவள் மட்டும் என்ன ஒழுங்கு? பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் அண்ணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இங்கே பாண்டிச்சேரியிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். ஒரு தடவை அண்ணி யாருக்குப் போடுவது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, “அந்த உயரமான ஆளுக்குப் போடுங்கண்ணி, முகத்துல ஒரு தெளிவு இருக்கு” என்று ஒரு வாரம் போனிலேயே உட்கார்ந்து கரைத்துக் கரைத்து, கடைசியில் அண்ணி அவருக்கே போட்டுவிட்டு வந்து போன் பண்ணியது யாருக்கு? இவளுக்கு. அந்த நாட்டின் மண்ணைக்கூட மிதிக்காதவள், அந்த ஆளின் பேரை இன்றுவரைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாதவள். மதலேனுக்குப் பிரசங்கத்தின் நடுவே குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக்கி அடக்கினாள். இவர்கள் குடும்பத்தில் சண்டை மூட்டுவதற்கு எவனும் ஐந்தாவது மாடியில் வாடகைக்கு இடம் பிடிக்கவில்லை, எவனும் சம்பளம் கொடுக்கவில்லை, கூடப் பிறந்ததுகள் இரண்டும் சும்மாவே செய்துகொண்டன. இதை அண்ணனிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பான்! பந்தியே அதிரச் சிரிப்பான், தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பான். சொல்ல முடிந்தால்தானே.

காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு ஒருவர் வந்தார், போட்டாள், போட்டது பத்தா நூறா தெரியவில்லை. அண்ணன் பையில் காசு போடத் தலையைச் சாய்த்தபோதுதான் அந்தப் பிளாஸ்திரி கண்ணில் பட்டது. காதுக்குப் பின்னால், முடிக்குக் கீழே, சதுரமாக. இது எப்போது வந்தது? என்ன அது? கழுத்துகூட மெலிந்து போயிருக்கிறது, காலர் வளையம் மாதிரித் தனியாக நிற்கிறது, முன்னெல்லாம் காலருக்குள் கழுத்து பிதுங்கும். கட்டியா? அறுத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களா? பெரியப்பாவுக்கு அங்கேதானே ஆரம்பித்தது, வேனல் கட்டி வேனல் கட்டி என்று சொல்லிக்கொண்டே இருந்து ஆறு மாதத்தில் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். யாரும் அவளிடம் சொல்லவில்லையே! யார் சொல்வார்கள், அவள்தான் வாயால் வேலி கட்டிவிட்டாளே. அண்ணி ஏன் கூட வரவில்லை? எப்போதும் விடியக்காலைப் பூசைக்குப் போகிறவன் ஏன் இன்றைக்கு இங்கே? நேர்த்திக்கடனா? எல்லாரும் முழங்காலில் நின்றார்கள், மணி அடித்தது, சாமியார் அப்பத்தை உயர்த்தினார். ஆண்டவரே, அது வெறும் வேனல் கட்டியாக இருக்கணும், வெறும் வேனல் கட்டி, இந்த மே மாத வெயிலுக்கு யாருக்குத்தான் வரவில்லை, என் முதுகில்கூட ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் இன்னும் இரண்டு எனக்குக் கொடும். படம் பார்க்காவிட்டால் போகிறது. படமே வேண்டாம். சமாதானம் என்கிற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு வாயைக் கப்பென்று மூடிக்கொள்கிறேன். ஆமாம், அதுதான் சரி. ஒரு சொல். அந்தப் படத்தை இன்றைக்கு எடுக்கவே கூடாது, இன்றைக்குச் சமாதானம், அப்புறம் கிறிஸ்துமஸுக்குக் கேக், அடுத்த வருஷம் மெதுவாகப் படம். முடிவு பண்ணியாயிற்று. முடிவு பண்ணியதும் பெரிய நிம்மதி வந்தது, நிம்மதியோடு கூடவே ரொட்டிக்காரனின் முகமும் வந்து நின்றது. போய்யா நீ, என்றாள் அவனிடம்.

பரலோக மந்திரத்தைக் கோயிலே ஒரு குரலாகச் சொல்லிக்கொண்டு வந்தது, எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்கிற இடத்தில் அவள் குரல் மட்டும் தனியாக உயர்ந்து பக்கத்து அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் சாமியார். கைகள் கூம்பின, தலைகள் அங்கும் இங்கும் திரும்பின. இடது பக்கத்து அம்மாளுக்கு ஒரு சமாதானம், பின்னாலிருந்த பெண்ணுக்கு ஒரு சமாதானம், இனி யாருக்கும் பாக்கியில்லை. நடுவழிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தன் பக்கத்து ஆளுக்குச் சொல்கிறான், பின்னாலிருக்கிற கிழவருக்குச் சொல்கிறான், நிமிர்கிறான். இவளைப் பார்த்துவிட்டான். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறான், கண்ணாடிக்குள்ளே கண் அப்படியே அப்பாவின் கண். கைகள் இன்னும் கூப்பினபடியே இருக்கின்றன. அவன் உதடு ‘சமா’ என்று அசைந்தது, இவளும் வாயைத் திறந்தாள், ஒரு சொல், ஒரே ஒரு சொல், வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

“அண்ணே, ஒரு படம் பாத்தேண்ணே, உனக்குப் பிடிக்கும்ணே, நீ பாத்தே ஆகணும், எலெக்‌ஷன்ல வெளிநாட்டுக்காரன் உள்ள பூந்து...”

சொல்லிவிட்டாள். கூப்பிய கையோடு நின்று, கோயிலில், ஆண்டவருக்கு முன்னால், மறுபடியும் சொல்லிவிட்டாள். பக்கத்து அம்மாள் ஆவென்று பார்த்தாள். அண்ணனின் கைகள் மெதுவாக இறங்கின. அவளை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாடகர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

செத்தேன் என்று முழங்காலில் விழுந்தாள். இந்த வாயை என்ன செய்வது, இதில் சூடு வைத்தால் தேவலை, இதற்கு ஒரு பூட்டு போட்டுச் சாவியைக் கடலில் எறிந்தால் தேவலை. உனக்குப் பிடிக்கும்ணே என்று சொன்னோமா இல்லையா? சொன்னோம். முதலில் அதைச் சொன்னோம். அது அவன் காதில் விழுந்திருக்குமா? விழுந்திருக்காது, மனுஷர் காதில் எது விழக் கூடாதோ அதுதான் முதலில் விழும். ஆனால் முறைக்கவில்லையே. முறைத்தானா? இல்லை. புருவம் லேசாக மேலே போனது, சின்ன வயசில் கணக்குத் தப்பாகப் போட்டுக்கொண்டு போய் நின்றால் அப்படித்தான் போகும். அது கோபமா, இல்லை வேறேதாவதா? அந்தப் படத்தின் ஐந்தாவது மாடிப் பிள்ளைகளாவது யோசித்து எழுதினதுகள், காபி குடித்துவிட்டு எழுதினதுகள், இவள் காபிகூடக் குடிக்காமல், நன்மை வாங்க வேண்டும் என்று பட்டினியோடு வந்து, இந்தக் காரியம் பண்ணிவிட்டாள். பெஞ்சு பெஞ்சாக எழுந்து ஜனங்கள் நன்மை வாங்கப் போக ஆரம்பித்தார்கள், நடுவழியில் இரண்டு வரிசை, ஆம்பளைகள் ஒன்று, பொம்பளைகள் ஒன்று, பக்கம் பக்கமாக. போகாமல் உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தாள், பின்னாலிருந்த பெண் நகர்ந்து போங்கள் என்று தோளைத் தொட்டாள். வரிசையில் கால் வைத்த பிறகுதான் பார்த்தாள், அவன் பெஞ்சும் அப்போதுதான் எழுந்திருக்கிறது, முன்னால் போகிறவர்களை விட்டுவிட்டு நின்றவன் சரியாக அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தான், தோளுக்குத் தோள். கைகள் கூப்பியிருந்தன, பார்வை பீடத்தின் மேல். பிளாஸ்திரி ஓரத்தில் விட்டுப்போயிருந்தது, உள்ளே சிவந்த சின்ன வேனல் கட்டி, மஞ்சள் பூசியிருந்தது. ஆண்டவரே, உமக்குத் தோத்திரம். ஒரு அடி நகர்ந்தார்கள்.

“பேரென்ன?” என்றான் அண்ணன். உதடு அசையவில்லை, தலை திரும்பவில்லை.

“எனக்கா?”

“படத்துக்குடி.”

படத்துக்குப் பேர்! நேற்றிலிருந்து அத்தனை தடவை யோசித்தாளே, எப்படி ஆரம்பிப்பது, எதைச் சொல்வது, எதை மறைப்பது, எங்கே மூச்சு விடுவது, எல்லாம் யோசித்தாளே. பேர் என்று ஒன்று இருந்ததா அந்தப் படத்துக்கு? வெள்ளை எழுத்தில் வந்தது, அப்போது அவள் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலண்ணே.”

ஒரு அடி நகர்ந்தார்கள். அவன் தோள் லேசாகக் குலுங்கியது போலிருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

“பேர் தெரியாத படத்த கோயில்ல வச்சு சிபாரிசு பண்றவ உலகத்துல நீ ஒருத்திதான் மதலு,” என்றான். மதலு. எத்தனை நாள் ஆயிற்று அந்தப் பேரை இந்தக் குரலில் கேட்டு. அவளுக்கு முன்னால் இருந்த முதுகெல்லாம் கலங்கித் தெரிந்தது. “எங்க இருக்கு அது? போன்லயா?”

“டிவியிலண்ணே. ஷெரின் போட்டுக் குடுத்தா. எனக்கு அனுப்பத் தெரியாது.”

“அப்ப உன் வீட்டுக்கு வந்தாத்தான் பாக்கலாம்.”

“ஆமாண்ணே.”

இன்னொரு அடி. அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான் பாக்கி. அண்ணன் தொண்டையைச் செருமினான்.

“அதுக்கு விசா எடுக்கணுமா?”

அவள் பதில் சொல்வதற்குள் முன்னால் நின்றவள் விலகிவிட்டாள், சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார், மதலேன் ஆமென் என்றாள், அது ஆமென்னாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை, பாதி சிரிப்பாக ஒரு சத்தம் வந்தது, சாமியார் திடுக்கிட்டு அவள் நாக்கில் நன்மையை வைத்தார். வரிசையை விட்டு விலகி ஓரத்துத் தூணுக்குப் போனாள், அங்கே எப்போதும் கூட்டம் இருக்காது. கண்ணீர் இப்போது தாரையாக ஓடியது, முந்தானையால் துடைக்கத் துடைக்க ஓடியது, கோயிலில் பார்ப்பார்களே என்ற எண்ணமே வரவில்லை. தன் நன்மையை வாங்கிக்கொண்டு அண்ணனும் சுற்றிக்கொண்டு அந்தத் தூணுக்கு வந்துவிட்டான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், விட்டால் மறுபடியும் போய்விடுவான் என்பது போல.

“வேணாண்ணே, விசால்லாம் வேணாம், நீ வாண்ணே, இப்பவே வா,” என்றாள் குழறிக் குழறி.

“முதல்ல நன்மைய முழுங்குடி,” என்றான் அண்ணன், அவன் குரலும் சரியாக இல்லை, “அப்புறம் அழலாம்.”